கோடு கிழித்தவரின் கிண்ணம்

கல்முனைக் கடைத்தெருவில் வாப்பா சாறன் கடை வைத்திருந்த காலத்தில், அஸருக்குப் பின் அங்கு கூடும் பெரியவர்களின் பேச்சு எப்படியோ உதைபந்தாட்டத்தில் வந்து நிற்கும். அப்போது வாப்பா தவறாமல் ஒரு கதையை எடுப்பார். "டில்லிக்குப் போய், வெறுங்காலோட வெள்ளக்காரன்ட பட்டாளத்த அடிச்சவனுகள் மகன்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். கதை நடந்தபோது அவருக்குப் பத்து வயது. கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம் டில்லியில் டுராண்ட் கிண்ணத்தை வென்றது 1940 டிசம்பரில். அந்தச் செய்தி கல்முனைக்கு வந்து சேர எத்தனை நாள் எடுத்ததோ, ஆனால் வந்த பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது எங்கள் கடையை விட்டுப் போகவில்லை.

பின்னாளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, பழைய ஏடுகளைப் புரட்டும் பழக்கம் ஏற்பட்டபோது, வாப்பாவின் கதையில் பாதி சரி, பாதி பிழை என்று கண்டேன். அந்த ஒரு பருவகாலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டுராண்ட் கிண்ணம் ஆசியாவின் மிகப் பழைய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. 1888இல் ஆரம்பிக்கப்பட்டது. பிரித்தானிய இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளராக இருந்த மோர்ட்டிமர் டுராண்ட், இமயமலைச் சாரலில் நிலைகொண்டிருந்த படையினரின் உடல்நலத்திற்கும் பொழுதுபோக்கிற்குமாக இதனை ஏற்படுத்தினார். முதற்போட்டியில் றோயல் ஸ்கொட்ஸ் பியூசிலியர்ஸ் படைப்பிரிவு, ஹைலண்ட் லைட் இன்பன்ட்ரி படைப்பிரிவை 2-1 என்று வென்றது. தோற்ற அணி வெளியேற வேண்டும் என்ற விலகல் முறையிலான போட்டி. தொடர்ந்து மூன்று முறை வெல்லும் அணி கிண்ணத்தைத் தனக்கே சொந்தமாக்கிக் கொள்ளலாம் என்றும் அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. அதன்படி 1895இல் ஹைலண்ட் லைட் இன்பன்ட்ரியும் 1899இல் பிளாக் வாட்ச் படைப்பிரிவும் கிண்ணத்தைக் கொண்டு போய்விட்டன. டுராண்ட் மூன்றாவது தடவையும் புதுக் கிண்ணம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த டுராண்ட் வேறு யாருமல்லர். 1893இல் ஆப்கானிஸ்தானின் அமீருடன் உடன்படிக்கை செய்து, பஷ்தூன் மக்களின் நிலத்தை இரண்டாகப் பிரித்த டுராண்ட் எல்லைக்கோட்டிற்குப் பெயர் கொடுத்தவர் இவரே. அந்தக் கோடு இன்றும் இரத்தம் சிந்த வைக்கிறது. ஒரே மனிதரின் பெயர் ஒரு கோட்டிற்கும் ஒரு கிண்ணத்திற்கும் நிலைத்துவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் வரை அந்தக் கிண்ணம் பிரித்தானியப் படையணிகளின் கையை விட்டு அகலவில்லை. சிம்லாவின் அன்னண்டேல் மைதானத்தில் அவர்களே ஆடினார்கள், அவர்களே வென்றார்கள். இந்தியர்கள் மற்ற இடங்களில் முன்னேறிக் கொண்டிருந்தார்கள். 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2-1 என்று வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடிய போட்டி அது. வாப்பாவின் கதைக்குள் நுழைந்த வெறுங்கால் 1911இல் இருந்து வந்தது என்பதே என் ஊகம். ஏனெனில் மொஹமடன் ஸ்போர்ட்டிங்கின் வெற்றிக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று அதற்கு நேர்மாறானது: மழைக்காலத்தில் சேறாகிவிடும் கல்கத்தா மைதானங்களில் தம் வீரர்களுக்குச் சப்பாத்து அணிவித்தவர்கள் அவர்கள்.

1891இல் தோன்றிய அக்கழகம் நீண்ட காலம் கீழ்ப்பிரிவிலேயே கிடந்தது. 1934இல் முதலாம் பிரிவில் காலடி வைத்த அதே ஆண்டில் கல்கத்தா லீக் வெற்றிக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதுவரை எந்த இந்தியக் கழகமும் அதைச் செய்ததில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயத்தையும் பெற்று, மோகன் பகானுக்குப் பிறகு அதை வென்ற இரண்டாவது இந்தியக் கழகமாயிற்று. இந்த வெற்றிக்குப் பின்னால் நல்ல நிர்வாகமும் இருந்தது. வங்காளத்து வீரர்களோடு நின்றுவிடாமல், பெங்களூர் தொடக்கம் வடமேற்கு எல்லைப்புறம் வரை தேடி ஆள் சேர்த்தார்கள். அந்நாளைய பெங்களூர் உதைபந்தாட்டம் சாதாரணமானதன்று. 1937இலும் 1938இலும் பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி.

இனி 1940ஆம் ஆண்டுக்கு வருவோம். உலகப் போர் மூண்டதால் 1939இல் டுராண்ட் போட்டி நடைபெறவில்லை. மறுவருடம் சிம்லா மலையிலிருந்து இறங்கி முதன்முறையாக டில்லிக்கு வந்தது. இறுதிப்போட்டி இர்வின் அரங்கில். 1951இல் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்ததும், தற்போது ஹொக்கி வீரர் தியான் சந்தின் பெயரைத் தாங்கி நிற்பதும் அதே அரங்குதான். அந்த ஆண்டு மொஹமடன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக்கையும் றோவர்ஸ் கிண்ணத்தையும் வென்றிருந்தது. டிசம்பர் 12ஆம் திகதி றோயல் வாரிக்ஷயர் படையணியை எதிர்த்து அது களமிறங்கியது. ஹாபிஸ் றஷீத், சாபு ஆகிய இருவரும் அடித்த கோல்களால் ஆட்டம் 2-1 என்று முடிந்தது. டுராண்ட் கிண்ணம் முதன்முறையாக ஓர் இந்தியக் கழகத்தின் கைக்கு வந்தது.

லண்டன் மாநகர் மீது ஜெர்மனிய விமானங்கள் குண்டு பொழிந்து கொண்டிருந்த மாதம் அது. பேரரசின் தலைநகரில் பேரரசின் படையணி ஒன்று, அதன் குடிமக்களிடம் அதன் ஆட்டத்திலேயே தோற்றது. கல்முனையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் துள்ளிக் குதித்ததில் வியப்பில்லை.

ஆனால் வாப்பா சொல்லாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதே 1940 மார்ச்சில்தான் லாகூரில் முஸ்லிம் லீக் தனது தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை முன்மொழிந்தவர் வங்காளத்தின் பிரதமர் பஸ்லுல் ஹக். வங்காள அரசியல் சமய அடிப்படையில் பிளவுபட்டுக் கொண்டிருந்தது. மொஹமடன் ஸ்போர்ட்டிங்கின் ஒவ்வொரு வெற்றியும் முஸ்லிம்களின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது; மறுபுறத்தில் அது இந்துக்களின் தோல்வியாகக் கசந்தது. 1911இல் மோகன் பகான் வென்றபோது வங்காளம் முழுவதும் சேர்ந்து மகிழ்ந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். 1940இல் அந்த மகிழ்ச்சியைப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் எல்லாவற்றையும் சமயக் கண்ணாடியால் பார்ப்பதும் பிழை. 1939இல் கல்கத்தா உதைபந்தாட்ட நிர்வாகத்தின் மீது அதிருப்தி கொண்டு லீக்கிலிருந்து விலகிய கழகங்களுள் மொஹமடன் ஸ்போர்ட்டிங்கோடு ஈஸ்ட் பெங்காலும் காளிகட்டும் ஆரியன்ஸும் இருந்தன. நியாயம் கிடைக்கவில்லை என்று பட்டபோது இந்துக் கழகங்களும் முஸ்லிம் கழகமும் ஒரே பக்கம் நின்றிருக்கின்றன.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்ததே. 1946 ஆகஸ்டில் கல்கத்தா எரிந்தது. 1947இல் நாடு பிரிந்தது. ரசிகர்களில் பெருந்தொகையினர் கோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கிண்ணத்தையும் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் யோசனை இருந்ததென்றும், பாதுகாப்புச் செயலாளர் எச்.எம். பட்டேல் அதைத் தடுத்து வங்கிப் பெட்டகத்தில் வைத்தாரென்றும் டுராண்ட் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1950இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி வென்றது. நம் தமிழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு தகவல்: 1955இலும் 1958இலும் கிண்ணம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் றெஜிமென்ட் நிலையத்திற்குச் சென்றது. பிற்காலத்தில் ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட பீற்றர் தங்கராஜ் அந்த அணியில் உருவானவர்.

மொஹமடன் ஸ்போர்ட்டிங் மறுபடி டுராண்ட் கிண்ணத்தைத் தொட எழுபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2013இல் ஓ.என்.ஜி.சி. அணியை அதே 2-1 என்ற கணக்கில் வென்றது. பெயர் பழைய பெயர்தான். ஆனால் அணியில் முஸ்லிம் அல்லாதவர்களும் வெளிநாட்டவரும் இருந்தார்கள். ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கிய கழகம், எல்லோருக்கும் கதவைத் திறந்து தன் பெயரையும் காப்பாற்றிக் கொண்டது.

இனி, நான் சொல்வதாக ஒத்திவைத்த விடயம்.

எங்கள் கரையோரத்தின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைதீவு தமிழ் ஊர். அடுத்து சாய்ந்தமருது, கல்முனைக்குடி முஸ்லிம் ஊர்கள். பிறகு கல்முனைத் தமிழ்ப் பகுதியும் பாண்டிருப்பும். அடுத்து முஸ்லிம்களின் மருதமுனை. அதைத் தாண்டினால் தமிழரின் நீலாவணை. மாலையில் கட்டிய மல்லிகையும் மருக்கொழுந்தும் போல மாறி மாறி வரும் ஊர்கள். 1984இல் எனக்குப் பதினாறு வயது. சந்தாங்கேணி மைதானத்தில் ஆடும் எங்கள் அணிக்குப் பெயரில்லை. கோல் காத்தவன் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் நண்பன். அவனைப் போலப் பாய்ந்து பந்து பிடிப்பவனை நான் பிறகு கண்டதில்லை.

அணியைக் கழகமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. வாப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்த நான்தான் "மொஹமடன்" என்ற பெயரை முன்மொழிந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மாத்திரம் என் பக்கம் திரும்பி, "மச்சான், அப்ப நான் எங்க நிக்கிற?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக் கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன்; பதில் சொல்லவில்லை.

1985 ஏப்ரலில் எங்கள் பகுதியில் தமிழ் – முஸ்லிம் கலவரம் வெடித்தது. அதன் பிறகு அவன் மைதானத்திற்கு வரவில்லை. 1990க்குப் பின் ஊரிலேயே இல்லை. கழகம் பதிவாகவும் இல்லை. கலவரத்தை மூட்டியது நாங்கள் வைக்க நினைத்த பெயர் என்று நான் சொல்லவில்லை; அதற்கான காரணங்கள் வேறு, காரணமானவர்கள் வேறு. ஆனால் கலவரத்திற்கு முன்பே, ஒரு நண்பன் தனக்கு இங்கு இடம் உண்டா என்று கேட்டபோது, நான் வாய் திறக்கவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது ஊர் பார்த்து வரவில்லை. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒரே அலைதான் மக்களைக் கொண்டு போனது. அந்த நாட்களில் பள்ளிவாசலிலும் கோயிலிலும் யாருக்கும் பெயர் கேட்காமல் சோறு போட்டார்கள். அதற்குப் பிறகும் எல்லைப் பிரச்சினை ஓயவில்லை. 2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்திற்காகத் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிராக முஸ்லிம்களும் வீதிக்கு வந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் பேசியவர்களை நான் அறிவேன். கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். விழுகிற கோட்டிற்கு இரு பக்கமும் நின்று ஒரு பந்தை உதைக்கப் பையன்களுக்கு இடம் இருந்தால் போதும்.

வாப்பா மரணிப்பதற்கு முன் ஒருநாள், வெறுங்கால் கதை பிழை என்று அவரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அடிச்சது உண்மைதானே?" என்றார். உண்மைதான் வாப்பா. 1940 டிசம்பர் 12, இரண்டுக்கு ஒன்று.

பாண்டிருப்பு நண்பன் இப்போது கனடாவில் இருப்பதாக அறிகிறேன். இதை அவன் வாசிக்கக்கூடும். அன்று கேட்ட கேள்விக்கு நாற்பது ஆண்டுகள் பிந்திய பதில்: கோல் கம்பத்துக்கு நடுவில்தான் மச்சான். வேறு யாரையும் அங்கு நிறுத்த எங்களிடம் ஆள் இருக்கவில்லை.