காஜி: தடயமும் கல்லறையும்

1971 டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவைக் கடந்த சிறிது நேரத்தில், விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காஜி வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 93 பேரில் எவரும் பிழைக்கவில்லை. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த அக்கலம், அமெரிக்கக் கடற்படையில் 'டயாப்லோ' என்னும் பெயரோடு இயங்கியது. 1964இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாகச் சென்றது.

மூழ்கிய காரணம் இன்றளவும் வழக்கில் உள்ளது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஜி சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. மின்கலங்களிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் தீப்பற்றியிருக்கலாம் என்போரும் உளர். இவ்வழக்கின் முதன்மைச் சான்று கப்பலின் உடலே. எஃகுத் தகடுகள் உள்நோக்கி மடிந்தனவா, வெளிநோக்கி விரிந்தனவா என்பதைக் கொண்டு வெடிப்பின் திசையை உய்த்துணரலாம். ஆயினும், உள்ளிருந்த டார்பிடோக்களும் உடன்வெடித்திருப்பின் முதல் வெடிப்பின் தடயம் அழிந்திருக்கும். அத்தகைய சிதைவை வெளியிலிருந்து மட்டும் படிப்பது கடினம். உள்ளே நுழைவதோ மாண்டவர்களின் உறைவிடத்தைக் கலைப்பதாகும்.

'போர்க்கல்லறை' என்பது புத்தாக்கச் சொல். இங்குக் கல் இல்லை, அறை எஃகினாலானது. சித்தூர்ப் பகுதியின் நடுகற்கள் பெரும்பாலும் தம் ஊருக்காக மாண்டவனுக்குத் தம்மவர் நட்டவை. விசாகையிலோ எதிரணியினரின் எச்சங்களைக் காக்கும் பொறுப்பு இந்தியக் கடற்படையிடம் வந்து சேர்ந்தது. 2024இல் ஆழ்கடல் மீட்பு ஊர்தியின் துணையால் காஜி கண்டறியப்பட்டபோது, மரபுக்கு மதிப்பளித்து அதனைத் தொடாமல் விட்டதாகச் செய்தி வெளியாயிற்று.

இம்மதிப்பு மரபின்பாற்பட்டதேயன்றிச் சட்டத்தின்பாற்பட்டதன்று. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் நூறாண்டுத் தொன்மையை வேண்டுகிறது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அவ்வாறே. டார்வின் அருகே 1942இல் 80 பேருடன் மூழ்கிய ஜப்பானிய ஐ-124 இத்தகைய இடைவெளியில்தான் சிக்கியது. 1970களில் மீட்பு வணிகர்கள் அதனைக் குறிவைத்த பின்னரே ஆஸ்திரேலியா அதனைச் சட்டக் காப்பின்கீழ்க் கொணர்ந்தது. கப்பலுக்குள் நுழையாமல் சோனார் கொண்டு அங்கு ஆய்வும் நடந்துள்ளது. காஜிக்கும் அம்முறை பொருந்தும்.

அதே விசாகைக் கடலில் 1944 பிப்ரவரி 11 அன்று ஜம்னா, இப்ஸ்விச், லான்செஸ்டன் ஆகிய கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானின் ரோ-110உம் கிடக்கிறது. அதற்கு நூறாண்டு 2044இல் நிறைவுறும், காஜிக்கு 2071இல்.