கடித்தது எந்த ஊர்ப் பாம்பு?

பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தின் வரலாற்றை ஆய்வுக்கூடத்தின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். எந்த ஊர்ப் பாம்பை யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சரிபாதி. அதைப் பொருட்படுத்தாததன் விலையை நாம் இன்னும் கொடுத்து வருகிறோம். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவரின் பங்குக்குத் தொடக்கமே சான்று. 1891-இல் வியட்நாமின் தென்கோடியில் உள்ள பாக் லியூ பகுதியில், மழைக்காலத்தில் ஒரு கிராமத்துக்குள் நாகங்கள் புகுந்தன. 40 பேர் கடிபட்டார்கள், நால்வர் இறந்தார்கள். உள்ளூர்ப் பிடாரர் ஒருவர் 19 பாம்புகளைப் பிடித்துப் பீப்பாயில் அடைத்தார். அந்தப் பீப்பாய் சைகோனில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட்டிடம் போய்ச் சேர்ந்தது. அந்த விஷத்தில் தொடங்கிய ஆய்வுதான், குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கும் முறையாகச் சில ஆண்டுகளில் முதிர்ந்தது.

நாகத்தின் விஷத்தை முறிக்கும் மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று கால்மெட் நம்பினார். ஆஸ்திரேலியாவின் புலிப்பாம்பு விஷத்திடம் அது பலிக்கவில்லை என்று அங்கே சார்லஸ் மார்ட்டின் காட்டினார். நம் கண்ணாடி விரியனிடமும் பலிக்கவில்லை என்று இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் காட்டினார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் கூட்டு மருந்து இங்கே உருவானதற்கு இந்தப் பாடமே அடிப்படை.

அந்த நான்கு விஷங்களும் ஓயாமல் கிடைக்க வேண்டுமே! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போயிற்று. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தடம் பார்த்து வளையைக் கண்டுபிடிக்கும் அதே திறமை, உயிர்காக்கும் தொழிலாயிற்று. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள சங்கத்தின் நிலையத்தில் பாம்புகளை மண்பானைகளில் வைத்திருந்து, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். விட்ட பாம்பையே மறுபடி பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த அடையாளம். நாட்டின் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே பல்லாண்டுகளாகப் போயிருக்கிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது மிகத் தாமதமான நியாயம்.

இந்தப் பெருமைக்குள்ளேயேதான் சிக்கலும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பானாலும் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து, ராஜஸ்தான் போன்ற தொலைப் பகுதிகளின் பாம்புகளிடம் குறைவாகவே வேலை செய்வதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள மேல்நோக்கிய மூக்குடைய குழிவிரியன் அந்த நான்கில் ஒன்றல்ல. அதன் கடிக்கு இம்மருந்து உதவுவதில்லை. கால்மெட்டுக்குக் கிடைத்த பாடத்தை நாம் பாதியோடு நிறுத்திவிட்டோம்.

இப்படி எழுதினால் மருந்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை குலைந்து, மந்திரிப்பவரிடம் ஓடுவார்களே என்று கேட்கலாம். கவலை நியாயமானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. மருத்துவமனைக்குத் தாமதமாகப் போவதும் போகாமலே இருப்பதும் இதற்குப் பெரிய காரணங்கள். அந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கு இம்மருந்தை விட்டால் வேறு மருந்து இல்லை. மருந்தின் குறையைச் சொல்வது அதைச் சீராக்கவே. விஷம் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டால்தான் தரம் காக்க முடியும் என்பது இன்னொரு வாதம். தரத்துக்குத் தேவை ஒரே விதிமுறை; ஒரே ஊர் அல்ல. ராஜஸ்தானிலும் வங்கத்திலும் வடகிழக்கிலும் அந்தந்த மண்ணின் பாம்பிலிருந்து விஷம் எடுக்கும் நிலையங்களை அரசுகள் திறக்க வேண்டும். பயிற்சி தர வடநெம்மேலியில் ஆள் இருக்கிறார்கள்.