விரிசல் சொல்லாத வயசு

2022 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு ரீகால் அறிவிப்பு வந்தது. கூட்இயர் நிறுவனம் தன்னுடைய ஜி159 என்ற மாடலில் சுமார் 1,73,000 டயர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ரீகால் நமக்குப் புதுசில்லை. காருக்கு வரும், போன் பேட்டரிக்கு வரும். இதில் விசித்திரம் தேதிதான். அந்த டயர்கள் தயாரானது 1996-லிருந்து 2003 வரை. அந்தக் கூட்டத்தின் கடைக்குட்டிக்கே அப்போது ஏறக்குறைய 19 வயசு.

19 வயசு டயரை யாருங்க இன்னும் ஓட்டுவாங்க? மோட்டார்ஹோம் வச்சிருக்கிறவங்க.

மோட்டார்ஹோம்னா என்ன? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்காருவாரே, அந்தக் கேரவனின் குடும்ப வடிவம்னு வச்சுக்கோங்க. படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரிய ரகங்களை பஸ், லாரி சேஸிஸ் மேலேயே கட்டுகிறார்கள். அயோவா மாநிலத்தில் வின்னிபேகோ கம்பெனி 1966-ல் இதைத் தொழிற்சாலை முறையில் செய்ய ஆரம்பித்த பிறகு, நடுத்தர வர்க்க அமெரிக்கர்களுக்கும், குறிப்பாக ரிட்டயர் ஆனவர்களுக்கும், இது எட்டும் கனவானது. கனவுதான். ஆனா வருஷத்தில் சில வாரம்தான் ஓடும். மீதி நாள் வீட்டு வாசலில் வெயிலில், பல டன் எடையோடு, அதே நாலு அல்லது ஆறு டயர் மேல் நின்னுக்கிட்டே இருக்கும்.

டயர் மாத்தணுமான்னு நாம எப்படிப் பார்ப்போம்? பட்டன் தேஞ்சிருக்கான்னு பார்ப்போம். மொட்டை ஆயிட்டா மாத்துவோம். மோட்டார்ஹோமில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. பத்து வருஷம் கழிச்சும் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும். அதனால ஓனர் சைடுவாலைப் பார்க்கிறார். அங்கே முடி முடியாக விரிசல். 'இதோட ஓட்டலாமா, கூடாதா?' இன்றைய எபிசோடே இந்தக் கேள்வியின் வரலாறுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: விரிசல் சொல்லும் கதை உண்மை. ஆனா ஆளைக் கொல்லும் கதை வேற இடத்தில் நடக்குது.

முதலில் விரிசல். அதுக்கு 1940-களின் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகணும்.

அந்த ஊரில் கண் எரியும் புகைமூட்டம் ஒன்று வர ஆரம்பித்திருந்தது. கூடவே இன்னொரு புகார்: மற்ற ஊர்களை விட இங்கே டயரும் ரப்பர் சாமான்களும் சீக்கிரமாக விரிசல் விடுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டவர் கால்டெக்கில் இருந்த வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித். நெதர்லாந்தில் பிறந்தவர். அதுவரை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை! வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது, அந்த மூட்டத்தின் சாரம் அதுதான் என்று அவர் காட்டினார். ஓசோனை அளக்க அவர் பயன்படுத்திய கருவியைக் கேட்டா சிரிப்பீங்க. வளைத்துக் கட்டிய ஒரு ரப்பர் துண்டு. அதில் எத்தனை நிமிடத்தில் விரிசல் விழுகிறது என்பதே அளவு. சீக்கிரம் விழுந்தால் காற்று மோசம். ஊர்க் காற்றுக்கு ரப்பர் ஒரு சென்சாராக இருந்திருக்கு.

ஏன் வளைத்துக் கட்டணும்? இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அந்த இடத்தைப் பார்த்து வெட்டும். ரப்பர் தளர்வாக இருந்தால் வெட்டு மேல்தோலோடு நிற்கும். இழுவிசையில் இருந்தால் வெட்டின இடம் வாய் பிளந்து, அடுத்த அடுக்கும் ஓசோனுக்குக் கிடைக்கும். பையைச் சுற்றிப் போட்டு மறந்துபோன ரப்பர் பேண்டைப் பாருங்க, டப்பாவில் சும்மா கிடந்ததைப் பாருங்க, வித்தியாசம் தெரியும். நிறுத்திவைத்த வண்டியின் டயரில் தரையை ஒட்டிய சைடுவால் எப்பவும் பிதுங்கியே இருக்கு. அது இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்ட்தான்.

இதே தலைவலி அமெரிக்க ராணுவத்துக்கும் இருந்தது. போருக்காகச் சேர்த்துவைத்த வண்டிகள் ஓடாமலே டயர் விரிசல் விட்டால் என்ன செய்வது? 1950-களில் ராக் ஐலண்ட் ராணுவத் தளத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் பலன், ரப்பரோடு கலந்துவிட்டால் ஓசோனை முந்திக்கொண்டு தானே வினைபுரிந்து பலியாகும் ரசாயனங்கள். இன்று உலகம் முழுக்க டயரில் இருக்கும் 6பிபிடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கூடவே மெழுகும் கலப்பார்கள். இரண்டும் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேற்பரப்புக்கு வரும். டயர் சில சமயம் பழுப்பாகத் தெரிவது அழுக்கினால் மட்டும் இல்லை, இந்தக் கசிவாலும்தான்.

(ஒரு கிளைக்கதை. அந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து மாறும் ஒரு பொருள் மழைநீரில் ஓடி, வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. மாற்று தேடிக்கிட்டு இருக்காங்க. இதுக்குத் தனி எபிசோடு போடலாம்.)

இங்கேதான் மோட்டார்ஹோமின் சிக்கல். டயர் உருண்டு நெளியும்போது அந்த மெழுகும் ரசாயனமும் மேலே வந்துகொண்டே இருக்கும். நின்ற டயரில் அந்தக் கவசம் சரியாகப் புதுப்பிக்கப்படாது. அதனால் ஓடாத டயரில்தான் விரிசல் அதிகம். 'ஓட்டவே இல்லையே, எப்படிக் கெட்டது?' என்று ஓனர் கேட்பார். ஓட்டாததால்தான் சார்!

இதுவரை நாம பார்த்தது வெளிப்பக்கம். இப்போ உள்ளே போவோம்.

2000 ஆகஸ்ட். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. நெடுஞ்சாலை வேகத்தில் டயரின் பட்டன் பகுதி தோல் உரிவது போல மொத்தமாகப் பிய்ந்து வர, வண்டி கவிழும். இந்த டயர்களோடு சேர்த்து அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸா எண்ணிய சாவுகள் 271. மாற்று டயர்களை முதலில் அனுப்பியது எந்த மாநிலங்களுக்குத் தெரியுமா? அரிசோனா, கலிபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்சஸ். நாலும் வெயில் ஊர். வடிவமைப்பு, தயாரிப்பு, குறைந்த காற்றழுத்தம் என்று காரணங்களை வைத்து இரண்டு கம்பெனிகளும் சண்டை போட்டன. வெப்பம் ஒரு கூட்டாளி என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. டயருக்கு வயசாவது எப்படி என்று கண்டுபிடிக்க நிட்ஸா ஆட்கள் 2003-ல் ஃபீனிக்ஸ் நகரில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் டயர்களைச் சேகரித்து, அறுத்துப் பார்த்தார்கள். ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் இரண்டு ஸ்டீல் பெல்ட்கள் உண்டு. நடுவில் ஒட்டும் ரப்பர். டயருக்குள் அழுத்தி அடைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது உள்ளிருந்து மெல்ல மெல்ல ரப்பர் வழியே ஊடுருவுது. சூடு ஏற ஏற வேகமாக. அந்த நடு ரப்பர் இறுகும், ஒட்டும் பலம் குறையும், பெல்ட் ஓரத்தில் நுண்ணிய கிழிசல் பிறக்கும். வெளியில் எதுவும் தெரியாது. ஓட்டவே ஓட்டாத ஸ்டெப்னி டயர்கள்கூட உள்ளே வயசாகியிருந்தன. காற்று அடைச்சிருக்கு, ஊர் சூடா இருக்கு, அது போதும்.

ஆக, விரிசலை உண்டாக்குவது வெளிக்காற்றின் ஓசோன். பட்டனைப் பிய்க்கும் கிழவித்தனம் வருவது உள்காற்றின் ஆக்சிஜனால். இரண்டும் வேற வேற வினை, வேற வேற இடம், வேற வேற வேகம். நிழலில் மூடிவைத்து விரிசலே இல்லாத 12 வயசு டயர் உள்ளே உளுத்திருக்கலாம். விரிசல் விட்ட 4 வயசு டயர் உள்ளே திடமாக இருக்கலாம். நாம டெஸ்டிங்கில் சொல்வோமே, எல்லா டெஸ்ட்டும் பச்சை, ஆனா நீ டெஸ்ட் பண்ணினது வேற மாட்யூல். அதேதான்.

ஜி159-க்குத் திரும்புவோம். நகரத்துக்குள் ஓடும் டெலிவரி லாரிகளுக்காக முதலில் உருவான டயர் அது. பிறகு மோட்டார்ஹோம்களிலும் வந்தது. ஒரு குடும்பத்தின் மோட்டார்ஹோம் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடாவதுதான் காரணம் என்று 2005-ல் வழக்குப் போட்டார்கள். டெஸ்ட் முடிவுகளையெல்லாம் கொடுங்கள் என்று பல வருஷம் கேட்டார்கள். விசாரணை தொடங்கும் நேரத்தில் சமரசத்தில் முடிந்தது. சில மாதம் கழித்து அவர்களுடைய வக்கீல் ஒரு செய்தித்தாளைப் படிக்கிறார். அந்த வேகத்தில் டயர் வழக்கத்துக்கு மீறிச் சூடானதைக் காட்டும் டெஸ்ட் முடிவுகளைக் கம்பெனி இன்னொரு வழக்கில் கொடுத்திருக்கிறது! மறைத்ததற்காக நீதிபதி விதித்தது 27 லட்சம் டாலர். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. மறைத்ததால் உண்டான செலவை மட்டும்தான் வசூலிக்க முடியும், திரும்பக் கணக்கிடுங்கள் என்று 2017-ல் நீதிபதி எலீனா கேகன் தீர்ப்பு எழுதினார். இந்த டயரால் 1998-லிருந்து 2009 வரை 8 பேர் இறந்ததாகவும் 69 பேர் காயப்பட்டதாகவும் நிட்ஸா சொன்னது. டயரில் குறை இல்லை என்பது கடைசி வரை கம்பெனியின் நிலை. 2022 ரீகாலுக்கு அர்த்தம் இப்போ புரியும். லாரியில் போட்டிருந்தால் அந்த டயர் எப்பவோ தேய்ந்து ஒழிந்திருக்கும். மோட்டார்ஹோமில் பட்டனோடு அழகாக உட்கார்ந்திருக்கலாம்.

அப்போ வயசை எங்கே படிப்பது? 1971-லிருந்து அமெரிக்கச் சட்டப்படி சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கணும். அதன் கடைசி இலக்கங்கள் தயாரான வாரமும் வருஷமும். 1999 வரை மூணே இலக்கம். 318 என்றால் 31-வது வாரம், 8-ல் முடியும் வருஷம். 1978-ஆ, 88-ஆ, 98-ஆ? தெரியாது! ஒய்2கே-வில் நம்ம சீனியர்கள் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மிச்சம் பிடிச்சாங்க, டயர்க்காரங்க மூணு இலக்கம் மிச்சம் பிடிச்சிருக்காங்க. பத்து வருஷத்துக்கு மேல டயர் உயிரோட இருக்காதுங்கிற நம்பிக்கை அதுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு. 2000 முதல் நாலு இலக்கம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

எண் வந்தது, ஆனா வரம்பு வரவில்லை. சில கார் கம்பெனிகள் 6 வருஷம் என்கின்றன, டயர் கம்பெனிகள் பல அதிகபட்சம் 10 என்கின்றன. அமெரிக்காவில் சட்டப்படி எதுவுமே இல்லை. பிரிட்டனில் வரம்பு வந்தது, வந்த விதம்தான் கொடுமை. 2012 செப்டம்பரில் ஒரு இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றி வந்த கோச், சர்ரே பகுதியில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். ஒருவருக்கு வயது 18. டயருக்கு 19. பட்டன் ஆழம் சட்டப்படி சரியாகவே இருந்தது. இறந்த பையனின் அம்மா வருஷக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் அங்கே லாரி, பஸ், கோச் முன் அச்சில் 10 வயசு தாண்டிய டயர் சட்டவிரோதம்.

ஒரு மோட்டார்ஹோம்காரர் என்னைக் கேட்டால் விரிசலை இரண்டாவதாகப் பார்க்கச் சொல்வேன். ஆழமாக இருந்தாலோ, உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தாலோ, பட்டன் பள்ளத்தின் அடியில் ஓடினாலோ, எங்காவது உப்பியிருந்தாலோ, வயசு பார்க்கவே வேண்டாம், கழட்டிடணும். முடி போல மேலாக இருந்தால் பதறவும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். முதலில் தேதி, அதிலும் முன் டயர்கள். அங்கே ஒன்று போனால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

தேதி இலக்கங்களோடு முழு எண் இருப்பது பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும். டயரைத் திருப்பி மாட்டியிருந்தாலோ, பின்னால் இரட்டை டயராக இருந்தாலோ, அந்த எண் உள்பக்கம் போயிருக்கும். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துத்தான் படிக்கணும். உங்க பைக்குக்கு அந்தக் கஷ்டமில்லை, குனிஞ்சாலே தெரியும்.