போதலும் போய்வருதலும்: கோலார் தங்கவயலில் இடப்பெயர்வும் இருப்பும்

தொழில் நலிந்த ஒரு வட்டாரத்தை மக்கள் ஏன் விட்டுச் செல்கின்றனர், ஏன் செல்லாது தங்கிவிடுகின்றனர் என்னும் வினா பெரும்பாலும் பொருளியலாரின் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கூலி குறைந்த இடத்திலிருந்து கூலி மிகுந்த இடத்தை நோக்கி உழைப்பு நகரும் என்பது அவர்தம் பொதுவிதி. 1885இல் இடப்பெயர்வு விதிகளை வகுத்த ரேவன்ஸ்டைன், ஒவ்வொரு பெயர்ச்சியோட்டமும் ஓர் எதிரோட்டத்தைத் தோற்றுவிக்கும் எனவும் கூறினார். வந்தவருள் ஒரு பகுதியினர் திரும்புவர் என்பது அதன் பொருள்.

அவ்விதிகள் வெளிவந்த காலத்தில்தான் மைசூர் அரசின் கிழக்குப் பகுதியில், கோலாருக்குத் தெற்கே, சாம்பியன் எனப் பெயர் பெற்ற பொற்படிவு கண்டறியப்பட்டு வடஆர்க்காட்டு மக்கள் அங்குக் குடியேறத் தொடங்கினர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஊர் ஒழிந்துவிடும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். பத்தாண்டு கழித்து எடுக்கப்பட்ட 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நகரில் 1,60,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். தொழில் போன பின்னும் மக்கள் போகாமைக்கான காரணத்தை அறிய, அவர்கள் வந்த வரலாற்றைக் காண்பது இன்றியமையாதது.

வந்தோர்

கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பதை 1802இல் நில அளவைப் பணிக்கு வந்த வாரன் என்னும் படை அலுவலர் பதிவு செய்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் ஓய்வுபெற்று வாழ்ந்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். அவரிடமிருந்து உரிமை கைமாறியபின், 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. முதல் சில ஆண்டுகள் இழப்பிலேயே கழிந்தன. முதலீட்டாளர்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில்தான் சாம்பியன் படிவு அகப்பட்டது.

மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது. உழைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு 1876-78 பெரும்பஞ்சமே விடை. மைசூர் அரசின் மக்கள்தொகை 1871இல் ஐம்பது இலட்சத்தைக் கடந்திருந்தது. 1881இல் நாற்பத்திரண்டு இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. எல்லைக்கு அப்பால், சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களும் கடுமையாகத் தாக்கப்பட்டன. தங்கவயலுக்கு வந்தோரில் பெரும்பாலோர் இப்பகுதிகளின் நிலமற்ற தலித் மக்கள். உள்ளூர் உழவர் சுரங்கத்துள் இறங்கத் தயங்கினர். அவர்க்குச் சிறிதேனும் நிலம் இருந்தது. தமிழில் இத்தகைய பெயர்ச்சியைக் குறிக்கப் ‘பிழைக்கப் போதல்’ என்னும் தொடர் உண்டு. பிழைத்தல் என்பது சாவினின்று தப்புதல், வாழ்வுக்கு வழிதேடுதல் ஆகிய இரண்டையும் ஒருங்கே சுட்டும். படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதலைக் குறித்த ‘வலசை’ என்னும் பழஞ்சொல்லும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இரண்டிற்கும் ஒரே சொல்லை இட்டுவிடுவதால், போனவர் எதனின்று போனார் என்பது மறைந்துவிடுகிறது.

தங்கவயல் என்னும் பெயரும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைச் சுட்டும் சொல்லும் உழவு நிலத்தைச் சுட்டும் சொல்லும் ஒன்றே. கன்னடர் பொருளறிந்து ‘சின்னத கணி’, அதாவது தங்கச் சுரங்கம், எனப் பெயர்த்தனர். தமிழர் சொல்லுக்குச் சொல்லாக ‘வயல்’ என்றனர். மொழிபெயர்ப்பியல் நோக்கில் இது பிழையான பெயர்ப்பே. ஆயினும் ஒரு காணி நிலமும் தமக்கென இல்லாத மக்கள் தாம் சென்ற இடத்தை வயல் என அழைத்ததைப் பிழை என்று தள்ளிவிட மனம் ஒப்புவதில்லை.

தொடக்கத்தில் இவர்கள் நிலையாகத் தங்கினர் எனக் கூற இயலாது. ஒப்பந்தக்காரர் கொடுத்த முன்பணம் பெற்று வருவதும், விதைப்புக்கும் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்புவதும் வழக்கமாக இருந்தன. நிறுவனங்களுக்கு இந்நடமாட்டம் இடையூறாயிற்று. 1930இல் தொழிலாளர் அனைவரையும் கைரேகையிட்டுப் பதிவு செய்ய முற்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலி உயர்வை முதன்மைப்படுத்தாது, ஆளைப் பதிவேட்டில் கட்டிவைப்பதை எதிர்த்து எழுந்த போராட்டம் என்ற வகையில் அது தனித்து நோக்கத்தக்கது. போகவும் வரவும் உள்ள உரிமையே அங்கு வழக்காயிற்று.

ஆனால் அதே தலைமுறையிலேயே ஊர் திரும்புதல் குறைந்து வந்தது. மூங்கில் தட்டிகளால் கட்டிய குடிசை வரிசைகள் ‘லைன்’ எனப்பட்டன. ஒவ்வொரு லைனும் கோயிலும் தெருவும் பெயரும் உடைய ஓர் ஊராயிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய இதழ் பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914இல் அவர் மறைந்தபின், 1926இல் அது அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் நினைப்பது போல் இவ்விடத்தை நினைப்பதில்லை. சுரங்கக் கூலியில் மிச்சம்பிடித்த காசில் சந்தா செலுத்திய வாசகர்கள் இருந்த ஊர் இது. வந்த ஊரில் தெருவில் நடக்கவும் தடையிருந்த மக்களுக்கு இங்குச் சங்கமும் பள்ளியும் பத்திரிகையும் அமைந்தன. திரும்பிச் செல்லாமைக்குக் கூலியைவிட இதுவே வலிய காரணம் எனக் கருத இடமுண்டு.

கூலிக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அங்குப் பாறை கொதித்தது; வெடித்துச் சிதறவும் செய்தது. கல்தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது 1934இல் இங்கேதான். நோயுற்று வேலை இழந்தவர் முன்பு ஊர் திரும்பி இறந்தனர். பிற்காலத்தவர் லைனிலேயே இறந்தனர். இறந்தோர் புதைக்கப்பட்ட இடம் ஊர் என்னும் கருத்தை நிலைபெறச் செய்வதில் ஆற்றும் பங்கு எந்த மக்கள்தொகை அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

சென்றோர்

தங்கவயலை முதலில் விட்டுச் சென்றவர் வறியவர் அல்லர் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மேற்பார்வைப் பணிகளில் ஆங்கிலேயரும் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க வினைஞரும், அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். அவர்களின் மாளிகைகளும் மன்றங்களும் குளிர்ந்த காற்றும் ‘சின்ன இங்கிலாந்து’ என்னும் பெயரை ஊருக்கு ஈட்டித் தந்தன. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவண் அரசின் பொறுப்பில் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. இவ்விடைக்காலத்தில் ஆங்கிலேயர் நாடு திரும்பினர். ஆங்கிலோ இந்தியருள் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தனர். அப்போது சுரங்கம் மூடப்படவில்லை, வேலையும் இருந்தது. வேறிடத்தில் செல்லுபடியாகும் மொழியும் உறவும் கையில் இருந்தமையால் அவர்கள் சென்றனர். வறுமை மட்டுமே ஊரைவிட்டுத் துரத்தும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. செல்லுதற்கும் ஒரு முதல் வேண்டும்.

தொழிலாளர் பக்கம் அம்முதல் இல்லை. மூன்றாம் தலைமுறையினர்க்கு வடஆர்க்காட்டில் வீடோ நிலமோ இல்லை. உறவும் நூலிழையாகத் தேய்ந்திருந்தது. தமிழ்நாட்டில் அவர்கள் கர்நாடகத்தார், கர்நாடகத்தில் தமிழர். 1956 மாநிலச் சீரமைப்பில் கோலார் மைசூரிலேயே நின்றது. ஆயினும் சட்டமன்றத்திற்கு இத்தனித் தொகுதி குடியரசுக் கட்சியினரையும் பொதுவுடைமைக் கட்சியினரையும் அ.தி.மு.க.வினரையும் தேர்ந்தெடுத்து அனுப்பியதிலிருந்து, இவ்வூர் தன்னை எவ்வகையில் உணர்ந்தது என்பதை ஊகிக்கலாம்.

போய்வருவோர்

தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்த பொன் இறுதியில் மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. எடுக்கும் செலவு பொன்னின் விலையை மிஞ்சிற்று. மூடலின்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியில் இருந்தனர். அவர்களின் இழப்பீடும் நிலுவையும் பற்றிய வழக்குகள் நீண்டன. நிறுவனம் அளித்த வீடு யாருக்கு என்னும் வினாவும் எளிதில் தீரவில்லை. வீட்டைக் காலி செய்தவர் உரிமையை இழப்பார் என்னும் அச்சம் இருந்தவரை, குடும்பத்தில் ஒருவரேனும் அங்கு இருந்தாக வேண்டியிருந்தது. தங்குதல் என்பதை ஊர்ப்பற்று என்று மட்டும் விளக்குவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

ஊரைக் காத்தது மற்றொன்று. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்திற்கு 1894இல் ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. நிலக்கரியும் இயந்திரமும் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபின் நிலக்கரியின் தேவை குறைந்தது, பாதை நின்றது. நூறாண்டு கழிந்து அப்பாதையே ஊரின் உயிர்நாடியாயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்திலும் அடுத்த நிலையங்களிலும் ஏறி ஏறத்தாழ 90 கி.மீ. பயணம் செய்து பெங்களூரில் கட்டட வேலை, காவல் பணி, ஆயத்த ஆடைத் தொழில், கணினி நிறுவனப் பணி எனப் பலவற்றுக்கும் சென்று இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். பெங்களூரில் ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் இரயிலின் பருவச்சீட்டு விலை மிகச் சிறிது. ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் வண்டியில் கழிவதே அவர்கள் செலுத்தும் உண்மையான வாடகை.

இவர்களைத் தங்கியோர் என்பதா, சென்றோர் என்பதா? போதல், இருத்தல் என்னும் இருமை ஆய்வாளர் வகுத்தது. தமிழ்ப் பேச்சில் விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்பதில்லை, ‘போய்வருகிறேன்’ என்பர். வாழ்த்துக்குறி எனக் கொள்ளப்படும் இவ்வினைத்தொகுதி இங்கு நேர்ப்பொருளிலேயே ஒரு பொருளாதார நிலையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நாட்பயணி என்னும் பொருளுடைய சொல் உண்டு. ஆனால் அது நலமிக்க புறநகர்வாசியை நினைவூட்டுவது. வேலை செத்த ஊரில் வீட்டை விடாது காப்பவரை அது சுட்டாது.

இப்போய்வருதல் மொழியின்மேல் விளைவித்த மாற்றம் இனி விரிவாக ஆராயத்தக்கது. சுரங்கம் நடந்த காலத்தில் தமிழே தொழிலின் மொழி. ஷிப்டு, சாப்ட், கேஜ் முதலிய ஆங்கிலச் சொற்கள் வடஆர்க்காட்டுப் பேச்சின் இலக்கணத்துள் அடங்கி வழங்கின. தமிழ் மட்டும் அறிந்தவர் ஒரு வாழ்நாளை அங்குக் கழிக்க முடிந்தது. பெங்களூர் வேலை கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் வேண்டியது. 1980களில் கோகாக் குழுவின் பரிந்துரையையொட்டி எழுந்த இயக்கத்திற்குப் பின் பள்ளிகளில் கன்னடத்தின் இடம் வலுப்பெற்றது. பெற்றோரின் விருப்பம் ஆங்கில வழிக் கல்விக்குச் சென்றது. ‘தமிழன்’ இதழைச் சந்தா கட்டி வாசித்தோரின் கொள்ளுப்பேரர்கள் தமிழ் பேசுவர்; தமிழ் எழுத்தைப் படிக்க அறியாதார் அவருள் பெருகி வருகின்றனர். ஊரில் தங்குவதற்குக் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று. கல்லை அரைத்துப் பொன் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் எழும் தூசி மற்றொன்று.

இப்போய்வருவோர் அரசின் கணக்கில் எவ்வாறு தோன்றுகின்றனர் என்பதும் எண்ணத்தக்கது. பிறந்த இடத்தைக் கேட்டுவந்த இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் கடைசியாக வாழ்ந்த இடத்தையும், 1981 முதல் பெயர்ந்த காரணத்தையும் வினவியது. தங்கவயலில் பிறந்து அங்கேயே உறங்குபவர் இவ்வினாக்கள் எதிலும் பெயர்ந்தவராக அகப்படார். 2001 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடைபெற்றது. கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதும் அந்த 28ஆம் நாளே. வீடுவீடாக வந்த கணக்கெடுப்பாளரிடம் தம்மைச் சுரங்கத் தொழிலாளர் என்று சொன்னவர்கள், கணக்கின் ஆதார நேரமாகிய மார்ச் 1 நள்ளிரவில் அத்தொழிலில் இல்லை.