கோயிலுக்குள் ஒரு குறுக்குச்சுவர்

புதுவைக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை அடுத்து அமைந்திருக்கிறது வில்லியனூர். சோழர் காலத்துத் திருக்காமீசுவரர் கோயில் அங்கே. லூர்து மாதா கோயிலும் அங்கே. உறுவையாறு முதலிய சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவரும் தொழிலாளரும் விழா நாட்களிலே திரண்டு வரும் பேரூர் அது. சிவன் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநரே வடம்பிடித்து இழுத்த ஊர் என்ற பெயரும் அதற்குண்டு.

மாதா கோயிலைக் காணச் செல்வோர் அதன் உயரத்தைப் பார்க்கின்றனர், அழகைப் பேசுகின்றனர். பாராட்டட்டும், வேண்டாமென்று கூறோம். ஆனால் கட்டடம் என்பது கண்ணுக்கு விருந்தளிக்க மட்டுமா எழுந்தது? அதைக் கட்டிய காலத்துச் சமுதாயத்தின் நெஞ்சமும் அந்தச் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகக் குழைந்து கிடக்கிறதே! அதைப் படித்தறிவதன்றோ வரலாறு!

பிரான்சு நாட்டு லூர்து நகரிலே, 1858ஆம் ஆண்டு, பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி மாதாவின் காட்சியைக் கண்டாள் என்பர் கத்தோலிக்கர். பத்தொன்பதே ஆண்டுகள்! 1877இல் அந்த மாதாவின் உருவம் கடல் கடந்து வில்லியனூருக்கு வந்து சேர்ந்தது. வழிபாட்டு உருவம் பிரான்சு நாட்டினது. ஆனால் கோயிலின் முன்னே சென்று பாருங்கள்: படிக்கட்டுகளோடு கூடிய திருக்குளம்! விழா தொடங்கினால் கொடியேற்றம்! முடிவிலே தேர்ப்பவனி! பாரிசிலும் ரோமிலும் இத்தகைய குளத்தைத் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. தமிழன் தன் ஊர்க் கோயிலில் கண்டு பழகிய குளத்தையும் கொடியையும் தேரையும் புதிய மார்க்கத்துக்கும் கொண்டு சென்றான். வந்தவர்கள் வடிவம் தந்தனர்; வாழ்ந்தவர்கள் அதற்கு வழக்கம் தந்தனர்.

கட்டுமானமும் அவ்வாறே. திட்டம் வெளிநாட்டுக் குருமாருடையதாக இருக்கலாம். செங்கல் சுட்டவன் யார்? சுண்ணாம்பை இடித்துக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவமாக்கியது எவர் கை? வளைவுக்குச் சாரம் கட்டி, கல்லுக்குக் கல் கணக்குப் பார்த்து வைத்த கொத்தன் எந்த ஊரான்? தலையிலே சட்டி சுமந்து ஏணியேறிய சித்தாள் எவள்? நம் நாட்டுப் பழங்கோயில்கள், அரண்மனைகள், தேவாலயங்கள் எல்லாவற்றையும் எழுப்பியவை அந்தக் கரங்களே. கல்வெட்டிலே கொடையாளர் பெயர் உண்டு. குருவின் பெயர் உண்டு. கொத்தன் பெயர் இல்லை!

கொத்தன் பெயரை மறந்த கோயில்கள் அவன் சாதியையும் மறந்தனவா? அதுதான் இல்லை. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கிறித்தவக் கோயிலின் அமைப்பு எளியது. நீண்ட நடுக்கூடம், அதன் முடிவிலே பீடம், சில கோயில்களில் இருபுறமும் நீளும் கரங்கள், மேலிருந்து பார்த்தால் சிலுவை போன்ற தோற்றம். எந்த இடத்தில் நின்றாலும் எல்லோர் பார்வையும் ஒரே பீடத்தில் சேர வேண்டும் என்பது அந்த அமைப்பின் கருத்து. ஒரே தந்தையின் மக்கள் ஒரே கூரையின் கீழ்! கருத்து உயர்ந்ததுதான். நடைமுறை?

புதுவையிலே நடந்ததைக் கேளுங்கள். ஏசு சபைக் குருமாரின் பவுல் கோயிலில், மக்கள் வழக்கிலே சம்பா கோயில் எனப்பட்டதில், உள்ளேயே ஒரு சுவர் நின்றது. சுவரின் ஒருபுறம் தாழ்த்தப்பட்ட கிறித்தவர். மறுபுறம் உயர்சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். 1745ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்டோர் குருவிடம் முறையிட்டனர். நாங்களும் உங்கள் சீடர்களாயின் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்பது அவர்கள் வாதம். குரு செவிசாய்த்தார், சுவர் இடிந்தது, உயர்சாதியார் கொதித்தெழுந்தனர். இதை எழுதி வைத்தவர் பிற்காலத்தில் துப்ளேக்சின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. தம் நாட்குறிப்பிலே பதித்துச் சென்றார். அந்தக் கோயிலே 1761இல் ஆங்கிலேயர் கையால் அழிந்தது. இன்று நிற்பது 1791இல் நிறைவுற்றது. கோயில் போயிற்று; சுவரின் கதை போகவில்லை!

வடக்கன்குளத்திலே அதனினும் விந்தை. நெல்லைச் சீமையின் அவ்வூரில் 1870களில் எழுந்த கோயிலுக்கு ஒரு கூடமல்ல, இரண்டு கூடங்கள்! ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார் முதலியோர். நடுவே சுவர், முனையிலே பொதுப் பீடம். கால்சட்டைக் கோயில் என்றே மக்கள் நகைத்தனர். சாதியே கட்டடக் கலைஞனாக வந்து கோடு போட்டுக் கொடுத்த கோயில் அது! 1910இல் கௌசானல் பாதிரியார் தடுப்பை அகற்றினார். உயர்சாதியார் வழக்குத் தொடுத்தனர். தடுப்பை மீண்டும் வைக்கக் கோரினர். மீக்கேல் பிள்ளை வழக்கு எனப் புகழ்பெற்ற அதிலே, அத்தகைய உரிமை எதுவும் அவர்களுக்கு இல்லையென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? புதுவை–கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரிலே, 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தலித் கிறித்தவர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டனர். ஏன் கேட்டனர்? கோயிலிலே தனி இடம், பிணத்துக்குத் தனிப் பாடை, புதைக்கத் தனிக் கல்லறை என்றிருந்த நிலையைப் பொறுக்க மாட்டாமல் கேட்டனர். மோதல் மூண்டது, போலீசு சுட்டது, இருவர் மாண்டனர். செங்கல் சுவர் விழுந்த பின்னும் நெஞ்சச் சுவர் நின்றதன் விலை இரண்டு உயிர்கள்!

சமத்துவம் என்று முழங்கிய புரட்சி பிறந்த பிரான்சு நாட்டினர் புதுவையை ஆண்டனர். எல்லோரும் உடன்பிறந்தார் என்ற நூலைக் கையில் ஏந்தியவர் பீடத்தில் நின்றனர். இருந்தும் சாதி கோயிலுக்குள் புகுந்தது. இந்துக் கோயில் வாயிலில் நிறுத்தியது. கிறித்தவக் கோயில் உள்ளே விட்டுச் சுவரெழுப்பியது. வேறுபாடு வாசற்படியின் அகலம் மட்டுமே!

ஆயினும் ஓர் உண்மையை மறவோம். இந்தச் சுவர்கள் தாமாக விழவில்லை. 1745இல் முறையிடத் துணிந்த ஏழைகள் இருந்தனர். செவிகொடுத்த குரு இருந்தார். 1910இல் வழக்குக்கு அஞ்சாத பாதிரியார் இருந்தார். அவர்களை மதிப்பதற்கு நமக்குச் சமயம் குறுக்கே நிற்கவில்லை.

சிற்றூர்ப் பழங்கோயில்கள் இன்று புதுப்பிக்கப்படுகின்றன. சில இடித்துப் புதிதாகக் கட்டப்படுகின்றன. அங்குள்ள இளைஞர்க்கு நம் வேண்டுகோள் இது: கோபுரத்தின் உயரத்தை அளக்கும்போதே, யார் எங்கே நின்றனர், எந்த வாயிலால் வந்தனர், எங்கே புதைக்கப்பட்டனர் என்பதையும் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கட்டியவனின் பெயர் தெரிந்தால் கல்லிலே பொறியுங்கள். கல்லறைத் தோட்டத்திலே தடுப்பு இருப்பின், மண் சுவராயினும் முள்வேலியாயினும், புதுப்பிக்கும் பணியை அங்கிருந்து தொடங்குங்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது பிறகு ஆகட்டும்!