துணை இரும்புக் குறிநோக்கி

துணை இரும்புக் குறிநோக்கி என்பது, நீள் துப்பாக்கியில் பொருத்தப்பட்டுள்ள ஒளியியல் குறிநோக்கி செயலிழக்கும்போது பயன்படுத்துவதற்காக அதே துப்பாக்கியில் வைக்கப்படும், வில்லைகளோ மின்கலமோ இல்லாத குறிநோக்கி ஆகும். இது கண்ணருகே அமையும் பின் குறி, குழல்வாய்ப் பக்கம் அமையும் முன் குறி என இரு உறுப்புகளைக் கொண்டது. இந்தியக் காவல் துறையிலும் தேசிய மாணவர் படையிலும் இவை பேச்சு வழக்கில் முறையே "பேக் சைட்", "ஃபோர் சைட்" எனப்படுகின்றன. இக்காலத்தில் இவை இரும்பால் மட்டுமன்றி அலுமினியக் கலவையாலும் நெகிழியாலும் செய்யப்பட்டாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தேவை

தொலைநோக்கி வகைக் குறிநோக்கிகளும் செம்புள்ளிக் குறிநோக்கிகளும் குறிபார்த்தலை எளிதாக்குகின்றன. எனினும் மின்கலம் தீர்தல், வில்லையில் நீராவி படிதல், தூசி மூடுதல், கீழே விழுந்து உடைதல் ஆகியவற்றால் அவை திடீரெனப் பயனற்றுப் போகலாம். அந்நிலையில் துப்பாக்கி ஏந்தியவரின் உயிரும், குறி தவறிய குண்டின் பாதையில் நிற்பவரின் உயிரும் துணைக் குறிநோக்கி சரியாகப் பொருத்தப்பட்டிருப்பதைச் சார்ந்துள்ளன.

செயற்படும் முறை

சுடுபவர் பின் குறியின் பள்ளம் அல்லது துளை வழியாக முன் குறியின் ஊசியை நோக்கி, ஊசியின் நுனியை இலக்கோடு ஒரே கோட்டில் கொண்டுவருகிறார். கண்ணால் ஒரே நேரத்தில் மூன்று தொலைவுகளையும் தெளிவாகக் காண இயலாது. ஆகவே முன் குறியைத் தெளிவாகவும் இலக்கைச் சற்று மங்கலாகவும் காண்பதே முறையாகக் கற்பிக்கப்படுகிறது.

இரு குறிகளுக்கும் இடையிலான தொலைவு குறி இடைவெளி எனப்படும். இது கூடக்கூடப் பிழை குறையும். எடுத்துக்காட்டாக, குறி இடைவெளி 500 மி.மீ. ஆக இருக்கையில் முன் குறி 1 மி.மீ. விலகினால், 100 மீட்டர் தொலைவில் குண்டு 200 மி.மீ. விலகும். குறி இடைவெளி 370 மி.மீ. ஆகக் குறைந்தால் அதே 1 மி.மீ. பிழை ஏறத்தாழ 270 மி.மீ. விலகலாகப் பெருகும்.

பொருத்தும் இடம்

மேற்கண்ட காரணத்தால் பின் குறியை இயன்றவரை பின்னாலும், முன் குறியை இயன்றவரை முன்னாலும் வைப்பது பொது விதியாகும். இவ்விதியை நடைமுறைப்படுத்துகையில் கீழ்க்காண்பவை கருதப்படுகின்றன.

உறுதி: இரு குறிகளும் ஒன்றுக்கொன்று அசையாத பகுதிகளில் இருக்க வேண்டும். குழலைத் தொடாமல் நிற்கும் கைப்பிடி உறையின் நுனியில் முன் குறியை வைத்தால் குறி இடைவெளி நீளும். ஆனால் உறை அழுத்தத்தால் வளையுமாயின் குறியும் நகர்ந்துவிடும்.

வெப்பம்: குழலோடு இணைந்த வாயுக் கட்டை தொடர்ந்து சுடும்போது மிகுந்த சூடாகும். அதன் மேல் நெகிழிக் குறியைப் பொருத்துவது தவிர்க்கப்படுகிறது.

உயரம்: இரு குறிகளும் ஒரே உயரத் தளத்திற்கென வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். 1995இல் அமெரிக்கப் படைத்துறை வரையறுத்த பிக்காட்டினி தண்டவாளம் பல நிறுவனங்களின் உறுப்புகளைப் பொருத்த வழிசெய்தது. எனினும் தண்டவாளமும் வாயுக் கட்டையும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் துப்பாக்கிகளும் உள்ளன.

ஒளியியல் குறிநோக்கியுடன் இணைவு: உருப்பெருக்கம் இல்லாத செம்புள்ளிக் குறிநோக்கியின் கண்ணாடி வழியாகவே இரும்புக் குறிகளைக் காணலாம். இரும்புக் குறிகள் கண்ணாடியின் நடுவில் தெரிவது ஒரு முறை. கீழ் மூன்றிலொரு பங்கில் தெரிவது மற்றொரு முறை. இரண்டாவதில் பார்வைப் புலம் குறைவாகவே மறைக்கப்படுகிறது. உருப்பெருக்கும் தொலைநோக்கியின் வழியே இரும்புக் குறிகளைப் பயன்படுத்த இயலாது. எனவே அதை விரைவில் கழற்றும் தாங்கியில் வைப்பர். அல்லது இரும்புக் குறிகளை 45 பாகை சாய்வில் பக்கவாட்டில் பொருத்துவர்.

மடக்கும் வகை: தேவையில்லாதபோது படுத்திருந்து, தேவைப்படுகையில் நிமிர்த்தப்படும் குறிகள் பார்வையை மறைப்பதில்லை. நிலையான குறிகள் நிமிர்த்தும் நேரத்தைக் கோருவதில்லை. அவற்றில் அசையும் உறுப்புகளும் குறைவு.

சரிசெய்தல்

துணைக் குறிநோக்கியைத் தனியாகச் சுட்டுப் பார்த்தே சரிசெய்ய வேண்டும். செம்புள்ளியோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. பின் குறியைக் குண்டு செல்ல வேண்டிய திசையிலேயே நகர்த்த வேண்டும். முன் குறியை அதற்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். 25 மீட்டரில் குண்டுகள் 50 மி.மீ. தாழ்வாகப் பட்டால், 500 மி.மீ. குறி இடைவெளி உள்ள துப்பாக்கியில் முன் குறியின் ஊசியை 1 மி.மீ. தாழ்த்த வேண்டும். சாய்வுக் குறிகளுக்குக் குழலிலிருந்து உள்ள உயரம் வேறுபடுவதால் அவையும் தனியே சரிசெய்யப்படுகின்றன.

இந்தியாவில் குறிநோக்கிகளின் வளர்ச்சி

18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிப் படைகள் பயன்படுத்திய வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளில் பின் குறி இல்லை. துப்பாக்கிக் கத்தியை மாட்டும் சிறு முளையே முன் குறியாகவும் உதவியது. மருதநாயகத்திற்கு எதிரான 1763-1764 மதுரை முற்றுகை அத்தகைய துப்பாக்கிகளின் காலத்தது.

1853 வகை என்ஃபீல்டு துப்பாக்கியில் தொலைவுக்கு ஏற்ப உயர்த்தும் பின் குறி இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் பிரித்தானியர் இந்தியச் சிப்பாய்களுக்கென வேறொரு வகையை உருவாக்கினர். அதில் குழலின் உட்புரிகள் நீக்கப்பட்டதோடு, உயர்த்தும் பின் குறிக்கு மாற்றாக நிலையான குறியும் வைக்கப்பட்டது. சிப்பாயின் மீது ஆட்சியாளர் கொண்ட ஐயம் துப்பாக்கியின் குறிநோக்கியிலும் பதிந்ததற்கு இது சான்றாகும்.

பின்னர் வந்த .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முதலாம் எண், மூன்றாம் மார்க் வகையில் பின் குறி குழலின் மேல் இருந்தது. நான்காம் எண் வகையில் அது கண்ணருகே கொண்டுவரப்பட்டு, பள்ளத்திற்குப் பதிலாகத் துளை வைக்கப்பட்டது. இதனால் குறி இடைவெளி ஏறத்தாழ 19 அங்குலத்திலிருந்து 28 அங்குலத்திற்கும் மேலாக உயர்ந்தது. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் 7.62 மி.மீ. குண்டுக்கென உருவான 2ஏ1 வகையில், பின் குறியின் அளவீடு 2000இலிருந்து 800ஆகக் குறைக்கப்பட்டது.

இன்சாஸ் துப்பாக்கியில் பின் குறி பொறியறை மூடியின் ஒரு முனையில் அமைந்துள்ளது. ஏகே வகையில் கழற்றக்கூடிய மெல்லிய மூடியின் மேல் வைக்காமல், அதற்கு முன்னால் உள்ள உறுதியான பகுதியில் பின் குறி வைக்கப்பட்டது. இதனால் ஏகே-47இன் குறி இடைவெளி 378 மி.மீ. மட்டுமே. நீளமா, உறுதியா என்னும் தெரிவில் ஒவ்வொரு வடிவமைப்பும் ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறுகிறது.

தமிழ்நாட்டில்

1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை, மதுரையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கு ஏகே வகையைச் சார்ந்த 7.62x39 மி.மீ. திருச்சித் தாக்குதல் துப்பாக்கி உருவாக்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் இத்தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமொன்றின் கீழ் இயங்குகிறது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் ஆறாம் அணி மதுரையில் உள்ளது. தேசிய மாணவர் படையின் மதுரைக் குழுமத்தைச் சேர்ந்த மாணவர்கள் .22 துப்பாக்கியின் இரும்புக் குறிகளிலேயே குறிபார்த்தலைக் கற்கின்றனர். மதுரைச் சமவெளியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் தரைமேல் எழும் கானல், இலக்கை இடம்பெயர்ந்ததுபோலக் காட்டும். பக்கவாட்டு வெயிலில் முன் குறியின் ஒரு விளிம்பு பளபளப்பதால் அதன் நடுவைத் தவறாகக் கணிக்க நேரிடும். இதைத் தவிர்க்கவே முன் குறிக்குக் காப்பு வளையம் இடப்படுகிறது, ஊசியும் கறுப்பாக்கப்படுகிறது.

விளையாட்டில்

பன்னாட்டு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் உருப்பெருக்கும் குறிநோக்கிகளுக்கு இடமில்லை. துளைக் குறிநோக்கியே பயன்படுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட பயிற்சிக் குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகியதாகவும், தம் குறிநோக்கியின் அமைப்பு மாறியிருந்ததாகவும் அபினவ் பிந்த்ரா கூறியுள்ளார். எஞ்சிய சில நிமிடங்களில் அதைச் சரிசெய்த அவர், 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அதுவே தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கமாகும்.

சட்டம்

இந்தியாவில் துப்பாக்கிகளை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்திற்கும் 2016ஆம் ஆண்டு படைக்கல விதிகளுக்கும் உட்பட்டவை.

இவற்றையும் பார்க்க

நீள் துப்பாக்கி
இன்சாஸ்
ஏகே-47
தேசிய மாணவர் படை