ஈழத்து மலைவழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்பது பெரும்பாலும் ஏட்டிற் கண்ட பொருளே. சுண்ணக்கற் பாறைமீது பரந்து கிடக்கும் இச்சமநிலத்திற் கீரிமலை என ஒன்று உண்டெனினும், அது பெயரளவில் மலையாய்க் கடலோரத்துச் சிறு மேடாய் அமைந்ததேயாம். பனையின் உச்சியே எம்மவர் அண்ணாந்து நோக்கும் உயரம். ஆயினும், ஈழத்தின் நடுவே ஓங்கி நிற்கும் மலைகளிற் செல்லும் நடைவழிகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அதன் ஓர் ஏடு யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் அவையிலும், பிறிதோர் ஏடு மன்னார்க் கடற்கரையிலும் தொடங்குதலைக் காண்பர்.

மலைவழி யாருக்கு உரியது? உடலுரம் மிக்க இளைஞர்க்கு மட்டுமா? முதியோர்க்கும் சிறுவர்க்கும் நோயுற்றோர்க்கும் அதில் இடமுண்டா? இன்று உல்லாசப் பயணத்துறையினர் எழுப்பும் இவ்வினா, ஈழத்தில் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுந்த வினாவாகும். அதற்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

அரசர் அமைத்த வழி

ஈழத்து மலைவழிகளுட் பழைமையும் புகழும் மிக்கது 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாதமலைக்குச் செல்வது. உச்சியிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதென்றும், பௌத்தர் புத்தருடையதென்றும், இசுலாமியர் ஆதாமினுடையதென்றும் போற்றுவர். கி. பி. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு, அம்மலைக்குச் செல்வோர் வழியிற் படும் இன்னலை அறிந்து, கிலிமலை என்னும் ஊரை மானியமாக விட்டு, யாத்திரிகர்க்கு உணவும் தங்குமிடமும் கிடைக்கச் செய்தான் எனச் சூளவம்சம் கூறும். அவனது அம்பகமுவாக் கல்வெட்டும் இத்திருப்பணிகளைப் பேசுகின்றது. தாழ்ந்த குலத்தவர் எனப்பட்டோர் நின்று வணங்குதற்கெனக் கீழே தனியானதொரு மேடை அமைத்த செய்தியும் அக்கல்வெட்டில் உளது. எல்லோரும் மலையேறலாம், ஆனால் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்றல் இயலாது என்பதே அக்காலத்தின் விடை. அவ்விடையில் அருளும் உண்டு, குறையும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுதல் வரலாற்று மாணவரின் கடமை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவப்பதிராஜன், கம்பளைப் பக்கத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழியைச் செப்பனிட்டு, ஆறுகளுக்குக் குறுக்கே பாலங்களும் இடையிடையே தங்குமடங்களும் அமைத்தான். வலிமை குன்றியவனைத் தடுப்பது மலையின் உயரம் மட்டுமன்று. பெருகியோடும் ஆறும், பசியும், இரவில் ஒதுங்க இடமின்மையுமே பெரிதும் தடுப்பன. இதனை அவ்வமைச்சன் நன்கு உணர்ந்திருந்தான் எனலாம்.

இபுன் பதூதா கண்ட இருவழிகள்

கி. பி. 1344 இல் மாலைதீவிலிருந்து வந்த மொறோக்கோ நாட்டு யாத்திரிகன் இபுன் பதூதா, புத்தளத்துக் கரையில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டான். கடலாதிக்கமும் முத்துச் செல்வமும் மிக்க அம்மன்னன் பாரசீக மொழியை அறிந்தவனாயிருந்தான். விரும்புவது யாதென மன்னன் வினவ, ஆதாமின் அடிச்சுவட்டைக் காண்பதொன்றே தன் வேட்கை என்றான் பயணி. அதனைக் கேட்ட மன்னன், பல்லக்கொன்றும் அதனைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் பரிவாரத்தினர் பதின்மரும், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவரும் உடன்செல்லப் பணித்தான். யாழ்ப்பாண அரசன் ஒருவன் பிறமதத்தான் ஒருவனை மலைக்கு வழிகூட்டியனுப்பிய இச்செய்தி, எம் வரலாற்றில் நாம் பெருமையோடு நினைத்தற்குரியது.

மலைக்கு இருவழிகள் இருந்தன என இபுன் பதூதா எழுதுகிறான். ஒன்று 'பாபா' வழி, அதாவது ஆதாமின் வழி. மற்றது 'மாமா' வழி, அதாவது ஏவாளின் வழி. பின்னது எளிது; யாத்திரிகர் திரும்பி வருவது அதனாலேயே. ஏறும்போதே எளிய வழியாற் சென்றவனை யாத்திரை செய்தவனாகவே பிறர் கருதுவதில்லையாம். கடினமான வழியில் இரும்புச் சங்கிலிகள் பத்துத் தொங்கின. பத்தாவது சங்கிலியை அடைந்தவர் கீழே நோக்கி, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தாற் கலிமா ஓதினர். அதனால் அச்சங்கிலிக்கே அப்பெயர் அமைந்தது. இபுன் பதூதாவும் பாபா வழியால் ஏறி மாமா வழியால் இறங்கினான்.

கடின வழிக்குப் புண்ணியமும் எளிய வழிக்கு இகழ்ச்சியும் அளிக்கும் மனப்பான்மை அன்றே இருந்தது என்பது இதனாற் புலனாகும். ஆயினும், பின்வந்த மக்கள் வழக்கம் இக்கடுமையைத் தளர்த்திவிட்டது. இன்று மார்கழி முதல் வைகாசி வரையிலான யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளில் ஏறுவோரும், இரத்தினபுரிப் பக்கத்து நெடுவழியில் ஏறுவோரும் ஒருவரையொருவர் வாழ்த்தியே செல்கின்றனர். சிங்கள யாத்திரிகர் 'நடே குரா' என அழைக்கும் அநுபவமிக்க முதியவர் ஒருவரின் தலைமையிற் கூட்டங்கூட்டமாகச் செல்லும் மரபும் உண்டு. கைக்குழந்தையும் தொண்ணூறு வயதுப் பாட்டியும் ஒரே இரவில் ஒரே படிகளில் ஏறுங் காட்சி அங்கு அரிதன்று.

கூலிகள் நடந்த வழி

1815 இற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் மலைவழிகள் பக்திக்கும் படைக்கும் மேலாக வாணிகத்திற்கு உரியனவாயின. தெருக்கள் விரைந்து எழுந்தன. வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேற் பணம் செலுத்தல் வேண்டும் என விதித்த தெருச்சட்டம், 1848 இல் மாத்தளையில் மூண்ட கலகத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழர் கங்காணிமாரின் கீழ்க் கூட்டங்கூட்டமாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளையை அடைய அவர்கள் நடந்த தூரம் ஏறத்தாழ 150 மைல். கோப்பி பறிக்கும் பருவத்தில் வருவதும், அது முடிந்ததும் அதே வழியால் மீள்வதும் அவர்தம் வழக்கம். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். நடக்க இயலாதவரைத் தாங்கிச் செல்ல அங்கே பல்லக்கு இருந்ததில்லை. கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் காலந்தாழ்த்தே அரசினரால் அமைக்கப்பட்டன. விஜயபாகு பதினோராம் நூற்றாண்டில் அறிந்து செய்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசு முன்னரே செய்திருப்பின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1867 இல், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்தமையால், வந்தவர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்து வாழலாயினர். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தொழிற்சாலைக்கும், தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கும் சென்ற ஒற்றையடிப் பாதைகளை அவர்களே வெட்டினர். கொழுந்துக் கூடையைச் சுமந்து அவர்களே நடந்தனர். இவ்வாறு வழி சமைத்த மக்களுட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர் என்பது மறக்கற்பாலதன்று.

2023 இன் இரு நடைகள்

அப்பழைய பாதைகளே இன்று புதுப்பெயர் பெற்றுள்ளன. கண்டியை அடுத்த அந்தானையில் தொடங்கி, லூல்கந்துரவையும் ஊவா மலைகளையும் தொட்டு, நுவரெலியாப் பகுதியில் முடியும் 'பெக்கோ' நடைவழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. பெக்கோ என்பது தேயிலை வகையொன்றின் பெயர். 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அவ்வழி 2023 இல் நிறைவுற்றது. ஒவ்வொரு கட்டத்தின் தூரமும் ஏற்றமும் கடினமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருத்தலால், முதியவரும் புதியவரும் தம் ஆற்றலுக்கேற்ற பகுதியைத் தெரிந்துகொள்ளலாம். பாபா வழியையும் மாமா வழியையும் ஒருங்கே மதிக்கும் இம்முறை பாராட்டத்தக்கது.

அதே 2023 இல் வேறொரு நடையும் நிகழ்ந்தது. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றமையை முன்னிட்டு, யூலை 28 இல் தலைமன்னாரிற் புறப்பட்டோர் 16 நாளில் 252 கிலோமீற்றர் நடந்து ஓகத்து 12 இல் மாத்தளையை அடைந்தனர். முன்னையது மலையின் அழகைக் காணச் செல்லும் நடை. பின்னையது முன்னோர் பட்ட துயரை நினைந்து உரிமை வேண்டிச் சென்ற நடை. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து நோக்கினாலன்றி ஈழத்து மலைவழிகளின் வரலாறு முழுமை பெறாது.

இங்கிலாந்தில் 1932 இற் கிண்டர் இசுக்கவுட் மேட்டில் தொழிலாளர் தடையை மீறி நடந்தனர். 1965 இல் அதே மலைத்தொடரிற் பெனைன் நெடுவழி யாவர்க்குமெனத் திறக்கப்பட்டது. அவ்வழியில் நடப்போர் இன்றும் அத்தொழிலாளரை நினைவுகூருகின்றனர். எம் நாட்டில், பாதை வெட்டியோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் சொந்தக் காணியின்றி லயங்களில் வாழ, அவர்தம் வாயில்களுக்கு முன்னே நடைப்பயணிகள் கடந்து செல்கின்றனர். வழி எல்லோர்க்கும் உரியது என்று கூறுவோர், அவ்வழியோரத்தில் வாழ்வோர்க்கு அது என்ன தந்தது என்றும் வினவுதல் வேண்டும்.

எம் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலாச் செல்கின்றனர். நீர்வீழ்ச்சியும் பனிமூட்டமும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். அச்சுற்றுலாவுக்கு முன்னர் ஆசிரியர் ஒருவர் தேசப்படத்தை விரித்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு விரலால் ஒரு கோடு காட்டுவாராக. மலையேறும் வழி மலையடியில் தொடங்குவதில்லை. எங்கள் கடற்கரையின் அயலிலேயே அது தொடங்கிற்று என்பதை அறிந்த மாணவன், கொழுந்துக் கூடையோடு எதிரே வரும் தாயொருத்தியைக் கண்டால், பாதையை விட்டு ஒதுங்கி அவளுக்கு வழிவிடுவான்.